கதவுக்கு உள்ளே போன விண்ணப்பம்

மங்கையற்கரசி எழுதிய மனுக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கல்லடிப் பாலத்தின் உச்சிக் கம்பியைத் தொடும். தொட்டு, அதற்கு மேலும் இரண்டு முழம் போகும். சரி, இது கொஞ்சம் கூடத்தான். இடுப்பளவு வரும் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் நிற்பவரின் இடுப்பு அல்ல, சம்மணம் கொட்டி இருப்பவரின் இடுப்பு. ஆனால் அத்தனை மனுவுக்கும் வந்த பதில்களை அடுக்கினால் ஒரு வெற்றிலைச் சுருளின் தடிப்புக்கூட வராது என்பதில் எள்ளளவும் மிகையில்லை.

அவளுடைய ஊரான கொக்கட்டிமுனை, வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கத்தில், படுவான்கரையில் இருக்கிறது. கிழக்கே எழுவான்கரை. பட்டணம், நீதிமன்றம், வங்கி, தபால் கந்தோர் எல்லாம் அங்கேதான். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு இரண்டு கரைக்கும் இரண்டு ஆட்சி. இந்தக் கரையில் இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். அந்தக் கரையில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி, பையைக் கவிழ்த்துக் கொட்டி, பெயரைப் பதிந்துவிட்டுப் போகவேண்டும். துறைத் தோணிக்காரர் ஆட்களை ஏற்றும்போதே சொல்லிவிடுவார்: "இஞ்ச சிரிச்சா அங்க சந்தேகம். அங்க சிரிச்சா இஞ்ச சந்தேகம். சிரிக்கிற ஆக்கள் நடு வாவியில சிரிச்சி முடிச்சிருங்க கா."

மங்கையற்கரசி வாரத்தில் மூன்று நாள் அந்தத் தோணியில் போய்வந்தாள். பட்டணத்தில் அழகரத்தினம் என்ற சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை. அவர் உறுதி எழுதிப் பதிகிற நொத்தாரிசும்கூட. ஊரார் பழைய பழக்கத்தில் அவரை அப்புக்காத்து என்பார்கள். ஒரு காலத்தில் அந்தக் கந்தோரில் காணி உறுதிகள்தான் எழுதப்பட்டன: வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னாருடைய வளவு, மேற்கே வம்மி மரம். சண்டை வந்த பிறகு காணி வாங்குவாரும் இல்லை, விற்பாரும் இல்லை. வம்மி மரமும் இல்லை. அதற்குப் பதிலாக மங்கையற்கரசியின் பின்னால் பெண்கள் வரத் தொடங்கினார்கள். புருசனைக் கொண்டுபோனார்கள், பிள்ளையைக் கொண்டுபோனார்கள், வீட்டை எரித்தார்கள், கன்றுத்தாச்சி மாட்டைச் சுட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மனு. அரசாங்க அதிபருக்கு, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, மந்திரிக்கு, சனாதிபதிக்கு. ஒருமுறை போப்பாண்டவருக்கும் எழுதியதாக ஊரில் ஒரு கதை உண்டு. அது கதைதான், எழுதியது பேராயருக்கு.

அந்த மனுக்களில் கனத்தது கனகசிங்கத்தினுடையது. கனகசிங்கம் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் பூசை செய்கிற கப்புகனார். அவளுக்கு மாமன் முறை. தொண்ணூறாம் ஆண்டில் கொண்டுபோகப்பட்ட அவருடைய ஒரே மகனுக்காக ஐந்து வருடத்தில் முப்பத்தொரு மனு எழுதிக் கொடுத்திருந்தாள். முப்பத்திரண்டாவது மனுவுக்காக அவர் கந்தோருக்கு வந்த அன்று அழகரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதுக்கு மனு போட்டு ஆகாது கா. இது ஆட்கொணர்வு வழக்கு. ஒராள் கொழும்புக்குப் போய்க் கோட்டில நிண்டு, இன்ன திகதி, இன்ன இடத்தில, இன்னாரக் கொண்டு போனீங்க, கொண்டுவந்து காட்டுங்க எண்டு கேக்க வேணும்."

"நீங்க போங்களன் ஐயா," என்றாள் மங்கையற்கரசி.

"நான் போனா, மறுகா என்னத் தேடியும் நீதான் மனு எழுதவேணும். உனக்கு வேலை கூடிரும்." அவர் சிரித்தார், யாரும் கூடச் சிரிக்கவில்லை. "எனக்கு அறுபத்திரண்டு வயசு. பயப்பிட எனக்கு லைசன் இருக்கு. நீ படி. சட்டக் கல்லூரிக்குச் சோதினை எடு. நீ போய் நில்லு."

அழகரத்தினம் அதை ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். வாங்குப் பலகையில் ஒடுங்கிப்போய் இருந்த கனகசிங்கம் அதைப் பேச்சுக்கு எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்.

"படிப்பியா மகள்?"

"படிப்பன் மாமா."

அவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. அன்றிலிருந்து ஒரு வருடம் படித்தாள். அழகரத்தினத்தின் அலுமாரியில் இருந்த சட்டப் புத்தகங்களில் பாதியைக் கறையான் படித்து முடித்திருந்தது. மீதியை அவள் படித்தாள். தோணியில் படித்தாள், சோதனைச் சாவடி வரிசையில் படித்தாள், அடுப்படியில் கருவாடு கருகக் கருகப் படித்தாள். ஊர்ப் பெண்கள் தண்ணி அள்ள வந்தால், குடத்தைக் கேட்காமல் எடுத்தால் அது களவா இரவலா என்று அவர்களோடு வழக்காடினாள். "உனக்குக் கட்டப்போறவன் பாவம் புள்ள, சோத்துக்கும் சாட்சி கேப்பாய்," என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நுழைவுப் பரீட்சை விண்ணப்பப் படிவத்தைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தவர் அப்துல் கபூர். காத்தான்குடிக்காரர். அழகரத்தினத்தின் கந்தோருக்கு எதிரே புடவைக்கடை வைத்திருந்தார். வியாழக்கிழமைதோறும் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போய்ச் சனிக்கிழமை திரும்புவார். படிவத்தை ஒரு புதுச் சேலையின் மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதுக்கு ரெண்டு மணித்தியாலம் வரிசையில நிண்டன் தங்கச்சி. என்ட கலியாணத்துக்குக்கூட நான் அவ்வளவு நேரம் நிக்கல்ல. கடைசித் திகதி ஆனி பதினாலு, வெள்ளிக்கிழமை. கவனம், இலக்கம் போட்ட படிவம். ஒராளுக்கு ஒண்டுதான். கிழிஞ்சாலும் நனைஞ்சாலும் வேற தரமாட்டானுகளாம்."

படிவத்தில் கேட்டிருந்த எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது, ஒன்றைத் தவிர. உறவினர் அல்லாத, ஆறு வருடத்துக்குக் குறையாமல் அவளை அறிந்த இருவரின் நற்சான்று வேண்டும். கொக்கட்டிமுனையில் இது ஆகிற காரியமா? தாய் வழிக் குடியாக இல்லாதவர் தகப்பன் வழிக் குடி. இரண்டும் இல்லாதவர் என்றால் அவரை மாப்பிள்ளையாகக் கேட்கலாம் என்று அர்த்தம்; பிறகு அவர் எப்படி உறவினர் அல்லாதவர் ஆவார்? ஒரு சான்றை அழகரத்தினம் எழுதினார். மற்றதை அப்துல் கபூர், "இந்தப் பிள்ளை ஆறு வருடமாக என் கடையில் ஒரு சேலைகூட வாங்கியதில்லை, ஆகையால் சிக்கனமும் நன்னடத்தையும் உடையவர்" என்று எழுதிக்கொண்டு வந்தார். அதை அழித்து வேறு எழுதவைக்க மங்கையற்கரசிக்கு ஒரு முழுப் பகல் போனது.

வைகாசி முடிகிற நேரம், சனிக்கிழமை, எல்லாம் சரியாகிவிட்டது. படிவம், சான்றிதழ்கள், வங்கிச் சிட்டை அனைத்தையும் ஒரு நீளக் கடிதவுறையில் போட்டுத் தாயின் பெட்டகத்தில் வைத்தாள். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அதற்கு முதல் நாள் துறையடியில் வெடிச்சத்தம் கேட்டது. தோணி ஓடவில்லை. செவ்வாய்க்கிழமைதான் இனி ஓடும் என்றார்கள். தபாலை நம்பமுடியாத காலம்; செவ்வாய் கொண்டுபோனால், வியாழன் கபூர் கையில் கொழும்புக்குப் போய்விடும். கடைசித் திகதிக்கு அதற்குப் பிறகும் ஒரு கிழமை கிடக்கிறது. மங்கையற்கரசி நிம்மதியாக இருந்தாள். அவள் வாழ்க்கையில் அப்படி நிம்மதியாக இருந்தது அந்த மூன்று நாள்தான். இதை எவரும் மிகை என்று சொல்லமுடியாது.

ஊரில் அப்போது அம்மன் சடங்கு. கண்ணகை அம்மன் கோயில் மற்றக் கோயில்களைப் போல நாளும் பொழுதும் திறந்து கிடக்காது. வருடத்தில் ஒரு தடவை, வைகாசியில், கதவு திறக்கும். கடைசி நாள் குளிர்த்தி. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் தெளித்து அம்மனின் கோபத்தை ஆற்றிவிட்டுக் கதவைப் பூட்டுவார்கள். எட்டாம் நாள் சடங்குக்கு ஒரு அரைநாள் திறப்பார்கள். பிறகு அடுத்த வைகாசிதான். இடையில் ராசாவே வந்து நின்றாலும் கதவு அசையாது.

மங்கையற்கரசியின் தாய் ஆச்சிப்பிள்ளை விதவை. புருசன் வயல் வட்டையில் வரம்பு கட்டும்போது பாம்பு கடித்துப் போனவர். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தவை ஒரு மகள், ஒரு வீடு, பதினோரு கோழி. வீடு மகளுக்குச் சீதனம் என்று எழுதியாகிவிட்டது. மகள் கொழும்புக்குப் போனால் வீட்டை யாருக்குக் கொடுப்பது, கோழிக்கா என்று அந்த வருடம் முழுவதும் கேட்டாள்.

"கொழும்பில எங்கட பிள்ளையள லொட்ச்சில பூந்து அள்ளிக்கொண்டு போறானுகளாம்."

"சட்டம் படிக்கிற ஆள அள்ள மாட்டானுகள் அம்மா."

"அள்ளுறவன் நெத்தியில வாசிச்சிப் பாத்திட்டா அள்ளுறான்?"

அப்படிப்பட்ட ஆச்சிப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, பெட்டகத்தைத் திறந்தாள். அம்மனுக்குப் படைக்கிற மடைக்கு நெல்லும் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் கொண்டுபோகிற ஓலைப்பெட்டியில், வெற்றிலைக்குக் கீழே அந்தக் கடிதவுறையை வைத்தாள். கோயிலில் பெட்டியைக் கனகசிங்கத்திடம் கொடுக்கும்போது காதோடு சொன்னாள்: "இது மகள்ட கடிதம். அம்மன்ட மடியில வைங்க. அவவும் ராசாக்கு முன்னால நிண்டு வழக்குப் பேசினவதானே."

மற்றப் பெட்டிகள் எல்லாம் வெறுமையாகித் திரும்பி வந்தன. கடிதவுறை மடியிலேயே இருந்தது. திங்கட்கிழமை விடியல் வெள்ளாப்பில் குளிர்த்தி முடிந்தது. கதவு பூட்டியது.

செவ்வாய் காலை மங்கையற்கரசி பெட்டகத்தைத் திறந்தாள். தாயின் கூறைச்சேலையை உதறினாள். தகப்பனின் சால்வையை உதறினாள். பெட்டகத்தையே கவிழ்த்து உதறினாள்.

"தேடாத," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "அது அம்மன்ட மடியில கிடக்கு."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆச்சிப்பிள்ளைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். செருப்பைப் போட மறந்து கனகசிங்கத்தின் வளவுக்கு நடந்தாள்.

கனகசிங்கம் காய்ந்த வேப்பங்குழையைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். கையில் கட்டிய மஞ்சள் காப்பை இன்னும் அவிழ்க்கவில்லை.

"மாமா, என்ட கடிதம் உள்ள கிடக்காம்."

"ஓம் மகள். பத்திரமாக் கிடக்கு. அத விடப் பத்திரமான தபால் கந்தோர் இந்தக் கரையில இல்ல."

"அது நாளையிண்டைக்குக் கபூர் காக்காட கையில கொழும்புக்குப் போகவேணும்."

கூட்டிக்கொண்டிருந்த ஈர்க்குமாறு நின்றது. அவருக்கு விளங்கிவிட்டது. "எட்டாம் சடங்குக்குத் துறக்கத்தானே போறம்," என்றார் மெதுவாக.

"அது வாற திங்கள். அதுக்குப் பிறகு நாலு நாள்தான் கிடக்கு. இடையில றோட்டைப் பூட்டினா? துறையைப் பூட்டினா? மாமா, நான் சொல்றதக் கேளுங்க. அந்தக் கடிதம் என்ட. அம்மா எனக்குச் சொல்லாம எடுத்தவ. உரித்தில்லாத ஆள் ஒரு பொருளக் குடுத்தா அது குடுத்தது ஆகாது. வாங்கின ஆள் திருப்பிக் குடுக்கத்தான் வேணும்."

"வாங்கின ஆள் ஆரு, அம்மனா?"

"அம்மன் எண்டாலும்."

கனகசிங்கம் சிரித்துவிட்டார். ஆறு வருடத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. வேப்பமரத்துக் காகமே திடுக்கிட்டுப் பறந்தது. "சோதினைக்கு முன்னமே பாசாகிட்டாய் மகள். உன்ட பக்கம்தான் நியாயம். ஒரு பேச்சில்ல." பிறகு சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "துறக்க மட்டும் சொல்லாத."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த, எவரும் வாய்விட்டுப் பேசாத விசயம் அது. தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஒரு மத்தியானம், ஓட வழியில்லாமல் சனம் கோயிலடியில் குவிந்தது. சாமி வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்று நம்பி, பூட்டிய கதவைக் காலமில்லாக் காலத்தில் திறந்தவர் கனகசிங்கம்தான். பதினேழு இளந்தாரிகளை உள்ளே விட்டு மூடினார். அதில் ஒருவன் அவருடைய மகன். துவக்கோடு வந்தவர்கள் சப்பாத்தோடு உள்ளே போனார்கள். அவர்கள் எந்தச் சட்டை போட்டிருந்தார்கள் என்பதை ஊர் இன்றைக்கும் உரத்துச் சொல்வதில்லை. பதினேழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கொண்டுபோனவர்களைக் குற்றம் சொல்ல ஊருக்குப் பயம். ஆகையால் கதவைக் குற்றம் சொன்னது. காலமில்லாக் காலத்தில் திறந்ததால் அம்மன் கோபித்துவிட்டாள் என்றது. கனகசிங்கம் அதை ஒருநாளும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து கோயில் பூட்டின் சாவியான திறப்பு அவருடைய அரைஞாண் கயிற்றில்தான் கிடந்தது.

"அண்டைக்கு நாந்தான் துறந்தன் மகள்," என்றார். கை தானாகவே இடுப்புக்குப் போனது. "அண்டைக்கும் என்ட பக்கம்தான் நியாயம் இருந்த. இன்னொருக்கா என்னால ஏலா."

இதற்கு எதிர்வாதம் அழகரத்தினத்தின் அலுமாரியில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. கறையான் தின்ற பக்கங்களிலும் இருந்திருக்காது. மங்கையற்கரசி அந்த மனிதனுக்காக எழுதிய முப்பத்திரண்டு மனுவிலும், "எனது மகன் கோயிலுக்குள் இருந்தபோது" என்றுதான் எழுதியிருந்தாள். கதவைத் திறந்தது யார் என்று ஒரு மனுவிலும் எழுதியதில்லை. அவரும் எழுதச் சொன்னதில்லை.

"சரி மாமா," என்று சொல்லிவிட்டுக் கிறுகி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தவள் அன்று முழுவதும் எழும்பவில்லை, சாப்பிடவுமில்லை. அடுத்த நாள் புதன்கிழமையும் வெயில் உச்சிக்கு ஏறும்வரை அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். வாசலில் கோழி கொக்கரித்து மகளை எழுப்பிவிடக் கூடாதென்று ஆச்சிப்பிள்ளை விடிந்ததிலிருந்து படியிலேயே இருந்து கோழி துரத்தினாள்.

வியாழக்கிழமை பட்டணம் போனபோது அப்துல் கபூர் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டிருந்தார். அழகரத்தினம் கதையைக் கேட்டு முதலில் சிரிக்கப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"திங்கள் கையில கிடைச்சா செவ்வாய் கொண்டு வா. வாற வியாழனும் கபூர் போவார்தானே. வெள்ளி காலையில கொடுத்தாக் காணும். கடைசி நாளில கொடுக்கிறதும் கொடுக்கிறதுதான். சட்டத்தில அதுக்குக் குறை இல்ல."

அந்த வாரம் கொழும்பு றோட்டில் ஒரு பட்டாசுகூட வெடிக்கவில்லை. கபூர் வியாழன் போய்ச் சனி திரும்பி, வழியில் இரண்டு இடத்தில் மட்டும்தான் இறக்கிச் சோதித்தார்கள், அதிலும் ஒரு இடத்தில் தேத்தண்ணி தந்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார். தேத்தண்ணி தந்தது உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்த வாரம் போன எல்லாம் போய்ச் சேர்ந்தன.

எட்டாம் சடங்கு அன்று கதவு திறந்ததும் கனகசிங்கம் முதல் காரியமாகக் கடிதவுறையை எடுத்துவந்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. கடிதவுறை மஞ்சள் தண்ணீரில் ஊறிக் காய்ந்து அப்பளம்போல் முறுகியிருந்தது. ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. உள்ளே படிவம் தப்பியிருந்தது. ஆனால் மை பரவி, அழகரத்தினத்தின் கையொப்பம் நண்டு ஓடிய மணல்போல் இருந்தது. செவ்வாய்க்கிழமை பட்டணம் போய் அவரிடம் அதன்மேல் மறுபடி கையொப்பம் வாங்கினாள். புதுக் கடிதவுறையில் போட்டுக் கபூரின் கையில் கொடுத்தாள்.

"இன்ஷா அல்லாஹ், வெள்ளி விடிய அங்க நிப்பன் தங்கச்சி," என்றார் அவர். கடிதவுறையை மூக்கருகே கொண்டுபோனார். "என்ன, கலியாண வீடு மாதிரி மணக்குது?"

வியாழக்கிழமை அவருடைய பஸ் வாழைச்சேனை தாண்டியதும் நின்றது. முன்னால் றோட்டில் கண்ணிவெடி. போகவும் விடவில்லை, திரும்பவும் விடவில்லை. பஸ்ஸில் இருந்த ஐம்பது பேரும் காட்டோரத்தில் இரண்டு நாள் இருந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் றோட்டைத் திறந்தார்கள். கபூர் கொழும்பில் இறங்கியபோது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை கந்தோர் திறக்குமுன்னமே வாசலில் நின்றார்.

திரும்பி வந்து நடந்ததைச் சொல்லும்போது அந்த மனிதரின் வாய் முதல் தடவையாகப் பகிடி பேசவில்லை. "றோட்டுப் பூட்டின விசயத்தை எனக்குத் தெரிஞ்ச சிங்களம் எல்லாத்திலயும் சொல்லிப்பாத்தன் தங்கச்சி. பஸ் டிக்கட்டையும் காட்டினன். அங்க இருந்த கிளாக்கர் பிள்ளையும் நல்ல பிள்ளைதான், உள்ள போய்ப் பெரியவரிட்டக் கேட்டிட்டு வந்தா. திகதி திகதிதானாம்." கடிதவுறையை மேசையில் வைத்தார். மேல் மூலையில் ஊதா நிற முத்திரை: காலம் கடந்தது.

அழகரத்தினம் அடுத்த வருசம் போடு என்றார். கபூர் அடுத்த வருசம் நான் மாசி மாசமே போய்ப் படிவத்துக்குப் படுத்துக்கிடப்பன் என்றார். மங்கையற்கரசி தலையை ஆட்டினாள். மூன்று மாதத்தில் அழகரத்தினத்துக்கு மாரடைப்பு வந்தது. கந்தோரைப் பூட்டி, அவருடைய பிள்ளைகள் புத்தகங்களைப் பழைய கடதாசிக்காரனுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருட அறிவித்தல் வந்த பத்திரிகை, சீனி சுற்றிய தாளாகக் கொக்கட்டிமுனைக்கு வந்து சேர்ந்தபோது கடைசித் திகதி கழிந்து பன்னிரண்டு நாள். அவள் அதை விரித்து, சீனியைத் தட்டிக் கொட்டி, ஒருமுறை வாசித்துவிட்டு அடுப்புக்குள் வைத்தாள்.

கனகசிங்கம் அந்த மாரியில் காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டார். அவருடைய மகனைப் பற்றிக் கேட்க எந்தக் கோட்டிலும் யாரும் நிற்கவில்லை. செத்த வீட்டில் அவரைக் குளிப்பாட்டியவர்கள் அரைஞாணில் இருந்த திறப்பை அவிழ்க்கமுடியாமல் கயிற்றை வெட்டி எடுத்தார்கள். ஊருக்குக் குற்றம் சொல்ல எப்போதும் ஒரு ஆள் வேண்டும். இப்போது கதவைத் திறந்ததற்காக அல்ல, திறக்காததற்காக அவரைச் சொன்னது: முப்பத்திரண்டு மனு எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு ஒரு பூட்டைத் திறந்துவிடாத கல்நெஞ்சன், கடைசியில் தன் மகனுக்கே வழியை அடைத்துவிட்டுப் போனான் என்று. மங்கையற்கரசி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் யாராவது சொன்னால் மறுக்கவுமில்லை.

இவ்வளவையும் எழுதி, அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டியபோது ஆச்சிப்பிள்ளை சுவரோடு சாய்ந்திருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மங்கையற்கரசியும் அங்கேதான், உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். ஆச்சிப்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மகளைப் பார்க்காமல், கோழிகள் போன பக்கமாகப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எல்லாம் சரி. ஒண்டு மட்டும் பிழை. கனகசிங்கம் கல்நெஞ்சன் இல்ல. அந்தப் புதன்கிழமை விடிய, திறப்பக் கையில பிடிச்சிக்கொண்டு வந்து இந்தப் படியில நிண்டவன். மகள எழுப்புங்க, துறந்து எடுத்துத் தாறன் எண்டான். நாந்தான் அவள எழுப்பல்ல."